கொல்லா நெறியும் கணினித் தவளையும்

(மகாவீரர் ஜயந்தி விழாவையொட்டித் திருச்சிராப்பள்ளியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டுதோறும் இம்மேடையில் சிந்தாமணி பற்றியோ மேருமந்தர புராணம் பற்றியோ பேசுவது என் வழக்கம். இவ்வாண்டு ஒரு தவளையைப் பற்றிப் பேச விரும்புகிறேன். கணினி வல்லுநரும் உயிரியல், மருத்துவ அறிஞரும் ஒன்றுகூடி உழைத்தால் நம் அறத்துக்கு என்ன நன்மை விளையும் என்பதே இவ்வுரையின் பொருள். அப்பொருளுக்குள் நுழைய எனக்குத் தெரிந்த வாயில் ஒரு தவளையே.

தவளை நமக்குப் புதியதன்று. இராசகிருகத்தில் பகவான் மகாவீரரின் சமவசரணம் அமைந்தபோது, சிரேணிக மன்னர் யானைமீது அமர்ந்து பரிவாரங்களுடன் வணங்கச் சென்றார். அதே வழியில் ஒரு தவளையும் வாயில் மலர் ஒன்றைக் கவ்விக்கொண்டு தத்தித் தத்திச் சென்றது. யானையின் காலடியில் பட்டு அது மாண்டது. வழிபடும் நினைவோடு மாண்டமையால் தேவனாகப் பிறந்தது. இரத்தினகரண்ட சிராவகாசாரம் வழிபாட்டின் பயனுக்குச் சான்றாக இத்தவளையையே காட்டுகிறது. என் பாட்டியார் இக்கதையைச் சொல்லி முடிக்கும்போதெல்லாம், "ராஜாவுக்கு முன்னாடியே தவளை போய்ச் சேர்ந்துடுச்சு பார்" என்று சொல்லிச் சிரிப்பார்.

அக்கதையைக் கேட்டு வளர்ந்த நான், 1975-ஆம் ஆண்டு புகுமுக வகுப்பில் சேர்ந்தேன். மருத்துவர் ஆக வேண்டும் என்பது என் ஆசை. என் தந்தையாரின் ஆசையும் அதுவே. விலங்கியல் செய்முறை வகுப்புக்கு ஒருநாள் நனைந்த சாக்குப்பையில் தவளைகள் வந்தன. வயலில் பிடித்தவை. குளோரோபாரம் ஊற்றிய கண்ணாடிச் சாடியில் அவற்றை இட்டனர். மயங்கியபின் மெழுகுத் தட்டில் மல்லாத்தி, கால்கள் நான்கையும் குண்டூசியால் குத்தி நிறுத்தினர். எங்கள் தட்டில் இருந்த தவளையின் மார்பை உடன்பயின்ற தோழி திறந்தாள். உள்ளே இதயம் துடித்துக்கொண்டிருந்தது. நெடுநேரம் ஆகியும் அது நிற்கவில்லை. நான் கத்தியைத் தொடவில்லை. "செய்யாவிட்டால் மதிப்பெண் இல்லை" என்றார் ஆசிரியர். அவரை நான் குறை கூறமாட்டேன். அவர் கையிலும் வேறு வழி இல்லை.

அடுத்த ஆண்டு இளங்கலைத் தமிழில் சேர்ந்தேன். தமிழ் எனக்குச் சோறும் பெயரும் தந்தது. அதில் எனக்குக் குறையே இல்லை. எனினும் தவளையைக் கொல்ல வேண்டும், இல்லையேல் மருத்துவத்தை மறக்க வேண்டும் என்ற இரண்டே வழிகள் பதினேழு வயதுப் பெண்ணின் முன் வைக்கப்பட்டன என்பது இன்றும் உறுத்துகிறது. நம் குடும்பங்களில் இவ்வாறு விலகியவர் நான் ஒருத்தி மட்டும் அல்லள். இங்கு அமர்ந்திருக்கும் மூத்தோர் சிலர் தலையசைப்பதைக் காண்கிறேன்.

இதில் ஒரு வியப்பு உண்டு. நான் அந்தத் தட்டின் முன் நின்ற நாளுக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1960-இல், விலங்குவதைத் தடுப்புச் சட்டம் இந்நாட்டில் நிறைவேறியிருந்தது. அதற்கு வித்திட்டவர் நம் தமிழகத்துப் பெண்மணி, கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்கள் அவையில் தனி உறுப்பினர் மசோதாவாக அவர் கொண்டுவந்த கருத்தே பின்னர் அரசின் சட்டமாயிற்று. நூல்கள், மாதிரிகள், திரைப்படங்கள் போன்றவற்றைக் கொண்டு கற்பிக்க இயலுமாயின், கல்லூரிகளிலும் மருத்துவப் பள்ளிகளிலும் விலங்குகள்மீது சோதனை செய்வதைத் தவிர்க்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் பதினேழாம் பிரிவில் சொல்லப்பட்ட நெறிகளுள் ஒன்று. சட்டம் இருந்தது, எங்கள் வகுப்பறைக்கு அது வந்து சேரவில்லை. தவளைக்கு ஈடாக மாணவர் கையில் கொடுப்பதற்கு ஒரு பொருள் அன்று இல்லை. பாடநூலின் படம் அசையாது. திரைப்படம் அசையும், ஆனால் மாணவர் கேட்கும் கேள்விக்கு அது விடை சொல்லாது.

அந்தப் பொருள் பின்னர் எவ்வாறு உண்டாயிற்று என்பதைப் பார்ப்போம். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவ நிறுவனத்தில் மருந்தியல் பேராசிரியராக இருந்த ஆர். இரவீந்திரன் 'எக்ஸ்ஃபார்ம்' என்னும் மென்பொருளை உருவாக்கினார். முயலின் கண்ணில் ஒரு மருந்தை இட்டால் பாவை விரியுமா, சுருங்குமா. நாயின் இரத்த அழுத்தம் ஏறுமா, இறங்குமா. தவளையின் இதயம் எவ்வாறு துடிக்கும் என்பனவற்றைத் திரையிலேயே செய்து பார்க்க அது வழிவகுத்தது. சென்னைப் புளூ கிராஸ் அமைப்பு 'கம்ப்யூ ஃபிராக்', 'கம்ப்யூ ராட்' என்னும் மென்பொருள்களை வெளியிட்டது. பெயரே சொல்லும், ஒன்று கணினித் தவளை, மற்றொன்று கணினி எலி.

இத்தகைய மென்பொருளைக் கணினி வல்லுநர் ஒருவர் தனியே செய்துவிட இயலாது. எந்த மருந்து எந்த அளவில் கொடுத்தால் தசை எவ்வளவு சுருங்கும், அளவை இரட்டித்தால் சுருக்கமும் இரட்டிக்குமா, ஓரெல்லைக்கு மேல் ஏன் கூடுவதில்லை என்பவை மருந்தியலாருக்கே தெரியும். அவ்வறிவைச் சமன்பாடாகவும் அசையும் படமாகவும் மாற்றுவது நிரல் எழுதுவோர்க்கே தெரியும். ஒருவர் மற்றவரிடம் மாணவராய் அமர்ந்தால் அன்றி இப்பணி நடைபெறாது. பொருளின் ஒரு பக்கத்தைக் கண்டவர் அதுவே முழுமை என்று சாதிக்கலாகாது என்று நம் அநேகாந்தவாதம் கூறுகிறது. அதை நாம் சமயவாதங்களுக்கு உரியதென்றே எண்ணிவந்தோம். ஆய்வுக்கூடத்துக்கும் அது பொருந்தும்.

இனி நம் ஊருக்கு வருவோம். மலைக்கோட்டைக் குகையில் சமண முனிவர் துயின்ற கற்படுக்கைகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். சிரா என்னும் துறவியின் பள்ளி இருந்தமையால் இவ்வூர் சிராப்பள்ளி எனப் பெயர் பெற்றது என்று ஆய்வாளர் சிலர் கூறுவர். துறவியர் உறைந்த பள்ளியே பின்னர்க் கல்விக்கூடத்துக்கும் பெயராயிற்று. அத்தகைய ஊரில், பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில், 2009-ஆம் ஆண்டு மகாத்மா காந்தி–டோரன்காம்ப் மையம் தொடங்கப்பட்டது. உயிரறிவியல் கல்வியில் விலங்குகளுக்கு மாற்று காண்பது அதன் நோக்கம். சுவிட்சர்லாந்து நாட்டின் டோரன்காம்ப்–ஸ்பிண்டன் அறக்கட்டளை அதற்குத் துணைநின்றது. விலங்கியல் பேராசிரியர் எம். ஏ. அக்பர்ஷா அதனை வழிநடத்தினார். தவளையையும் எலியையும் அறுத்துக் கற்ற ஒரு தலைமுறை விலங்கியலாரிடமே சென்று, அறுக்காமல் கற்பிக்கலாம் என்று எடுத்துரைக்கும் பணி எளிதன்று. அதைச் சொல்லும் தகுதியும் ஒரு விலங்கியலாருக்கே உண்டு.

2011-ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு, விலங்கியல் பாடத்தில் அறுத்தாய்வைப் படிப்படியாகக் குறைக்க வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2014-இல் அதனை முற்றிலும் நிறுத்துமாறு அறிவித்தது. அதே 2014-இல் இந்திய மருத்துவக் குழுவும் இளநிலை மருத்துவப் படிப்பில் உடலியங்கியலையும் மருந்தியலையும் கணினிவழிப் பாடங்களைக் கொண்டு கற்பிக்குமாறு விதியைத் திருத்தியது. 1960-இல் சட்டம் சொன்ன சொல் வகுப்பறையை அடைய ஐம்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் குறையாக இருந்தது இரக்கம் அன்று, மாற்றுக் கருவியே. கருவியைச் செய்வோர் வந்தபின் இரக்கத்துக்குக் கைகால் முளைத்தன.

என் அண்ணன் பேத்தி இப்போது உயிரித் தகவலியல் பயில்கிறாள். சென்ற கோடை விடுமுறையில் திருவரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, மடிக்கணினியில் ஒரு தவளையைத் திறந்து காட்டினாள். தோல், தசை, இதயம் என ஒவ்வோர் அடுக்காக விலக்கினாள். பின்னர் ஒரு பொத்தானைத் தட்டினாள். எல்லாம் மூடிக்கொண்டு தவளை எழுந்து அமர்ந்தது. எனக்குத் தொண்டை அடைத்தது. அவளுக்கு யசோதர காவியக் கதையை முன்பே சொல்லியிருந்தேன். அதை நினைவில் வைத்திருந்தவள் கேட்டாள்: "அத்தைப்பாட்டி, யசோதரன் மாவால செஞ்ச கோழியைத்தானே வெட்டினான்? அதுக்கே அத்தனை பிறவி எடுத்தான்னீங்க. அப்போ இது மட்டும் எப்படிச் சரி?"

கதையை அறியாத இளையோர்க்காகச் சொல்கிறேன். தீய கனவு கண்ட யசோதர மன்னனிடம் தாய் சந்திரமதி, தேவிக்கு உயிர்ப்பலி கொடுக்கச் சொன்னாள். அவன் மறுத்தான். மாவினால் கோழி செய்து பலியிடலாம் என்றாள் தாய். அவன் இசைந்தான். உயிரற்ற மாக்கோழியை வெட்டியும், கொலை நினைவு உள்ளத்தில் இருந்தமையால், தாயும் மகனும் விலங்காகவும் பறவையாகவும் பல பிறவிகள் எடுத்து உழன்றனர். கையால் செய்யும் கொலையைத் திரவிய இம்சை என்றும், நினைவில் எழும் கொலையைப் பாவ இம்சை என்றும் நம் முன்னோர் பிரித்தனர். மாக்கோழியில் முன்னது இல்லை, பின்னது உண்டு.

நீலகேசியிலோ வேறொரு காட்சியைக் காண்கிறோம். காளி கோயிலுக்குப் பலியிட வந்த மக்களை முனிச்சந்திர முனிவர் தடுத்து, உயிருக்கு மாற்றாக மண்ணால் செய்த உருவத்தை வைத்தால் போதும் என்று அறிவுறுத்துகிறார். ஒரு காப்பியத்தில் உருவம் பாவமாகிறது. மற்றொன்றில் உருவம் உயிரைக் காக்கிறது. முரண் போலத் தோன்றும். உண்மையில் இரண்டும் ஒன்றையே கேட்கின்றன: உருவத்தின்முன் நிற்கும்போது உன் உள்ளத்தில் இருப்பது என்ன? யசோதரன் தன் நன்மைக்காக ஓர் உயிரைத் தருவதாக எண்ணி வெட்டினான். என் பேத்தி உயிர் எவ்வாறு இயங்குகிறது என்று அறிவதற்காகத் திறந்தாள். திறந்ததை மூடியும் வைத்தாள். கைப்பேசியில் பொழுதுபோக்காகப் பார்ப்பவரையெல்லாம் சுட்டு வீழ்த்தும் விளையாட்டு இருக்கிறதே, முன்வரிசைக் குழந்தைகளே, மாக்கோழி என்றால் அதைத்தான் சொல்வேன். அவளுக்கு நான் கூறிய விடை இதுவே. அவள் முழுவதும் ஏற்கவில்லை. சிந்திக்கிறேன் என்றாள். அதுவும் நன்றே.

அவள் அத்துடன் விடவில்லை. இந்தக் கணினித் தவளைக்குள் இருக்கும் அறிவெல்லாம் எங்கிருந்து வந்தது என்றும் கேட்டாள். இக்கேள்விக்கு மழுப்பாமல் விடை கூற வேண்டும். அன்று மெழுகுத் தட்டில் துடித்த இதயம் ஏன் நிற்கவில்லை என்பதற்கான விளக்கம், அவ்விடையோடு பிணைந்திருக்கிறது.

இதயத் துடிப்புக்கு மூளையின் ஆணை வேண்டியதில்லை. இதயத்திலேயே உள்ள சில செல்களின் சவ்வு வழியே சோடியம், பொட்டாசியம் போன்ற அயனிகள் உள்ளும் புறமும் சென்று வருவதால் மின்துடிப்பு தானே எழுகிறது. நரம்பில் இவ்வோட்டத்தை 1952-இல் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் ஆங்கில அறிஞர் இருவர் கணவாய் மீனின் பெருநரம்பில் அளந்து சமன்பாடுகளாக எழுதினர். கையால் சுழற்றும் கணக்குப்பொறியில் ஹக்ஸ்லி அவற்றைக் கணக்கிட்டார். சில ஆண்டுகள் கழித்து, இலண்டனில் டெனிஸ் நோபிள் என்ற இளைஞர் அவ்வழியிலேயே இதயத் துடிப்பைக் கணிக்க முயன்றார். போதிய கணிதம் கற்காதவர். அதற்காகக் கணித வகுப்புகளில் போய் அமர்ந்தார். பல்கலைக்கழகத்தின் மெர்க்குரி கணினியில் அவருக்குக் கிடைத்த நேரம் பின்னிரவு இரண்டு மணி முதல் நான்கு மணி வரை. அது முடிந்ததும் விடியற்காலையில் இறைச்சிக்கூடத்துக்குச் சென்று ஆட்டின் இதயத்தை வாங்கிவந்து ஆய்வைத் தொடர்வார். 1960-இல் அவரது கணக்கு 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. கணினிக்குள் ஓர் இதயச் செல் முதன்முதலாகத் துடித்தது.

அந்த இரவுகளை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. ஒரே மனிதர், ஒரே இரவில், கணினியிடமும் செல்கிறார், இறைச்சிக்கூடத்துக்கும் செல்கிறார். கணினி மாதிரி வானத்திலிருந்து விழவில்லை. கணவாயும் ஆடும் தவளையும் தந்த அளவுகளிலிருந்து பிறந்தது. இதனை மறைத்துவிட்டுக் கணினியைக் கொல்லாமையின் தூதர் என்று கொண்டாடினால் அது பொய்யுரை ஆகும். அணுவிரதங்களுள் வாய்மையும் ஒன்றல்லவா? நாம் அவ்வுயிர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம். ஒருமுறை அறியப்பட்டதை அறிவதற்காக மீண்டும் ஓர் உயிரை மாய்க்காமல் இருப்பதே அக்கடனைத் தீர்க்கும் வழி.

நோபிளின் வழி இன்று வெகுதூரம் வந்துவிட்டது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகக் கணினி அறிவியல் துறையினரும் ஜான்சென் மருந்து நிறுவன ஆய்வாளரும் சேர்ந்து 2017-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மனித இதயச் செல்லின் கணினி மாதிரியில் 62 மருந்துகளைச் செலுத்தி, எவை இதயத் துடிப்பைச் சீர்குலைக்கும் என்று கணித்தனர். கணிப்பு 89 விழுக்காடு சரியாக அமைந்தது. முயல்களைக் கொண்ட முந்தைய ஆய்வுகளில் எட்டிய துல்லியம் 75 விழுக்காடு அளவே. இது ஒரு வகை ஆபத்தைப் பற்றிய ஓர் ஆய்வு. எல்லா மருந்துக்கும் எல்லா நோய்க்கும் இதை நீட்டிச் சொல்லலாகாது. ஆயினும் முயல் மனிதன் அல்ல என்ற எளிய உண்மையை இது எண்ணால் காட்டிவிட்டது.

தமிழாசிரியை என்ற முறையில் இங்கு ஒரு சொல்லைச் சுட்ட விரும்புகிறேன். மருத்துவ ஆய்வில் 'மாதிரி' என்றால், மனிதனுக்கு ஈடாக வைக்கப்படும் எலி என்று பொருள்பட்டது. கணினியாரிடம் 'மாதிரி' என்றால் சமன்பாடுகளின் தொகுதி. இரு துறையாரும் ஒரே அறையில் அமர்ந்து ஒரே சொல்லை வெவ்வேறு பொருளில் பேசியிருப்பர். முதலில் குழப்பமே மிஞ்சியிருக்கும். மெல்ல மெல்ல அச்சொல் எலியை விட்டு நகர்ந்து கணக்கின்மேல் அமர்ந்துகொண்டிருக்கிறது. 1959-இல் இரஸ்ஸல், பர்ச் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் விலங்குச் சோதனைக்கு மூன்று நெறிகளை வகுத்தனர்: இயன்ற இடத்தில் மாற்று காண்பது, இயலாத இடத்தில் எண்ணிக்கையைக் குறைப்பது, அதுவும் இயலாவிடில் துன்பத்தைத் தணிப்பது. துறவிக்கு மகாவிரதம், இல்லறத்தார்க்கு அணுவிரதம் என்று ஆற்றலுக்கேற்ப அறம் வகுத்த நம்மவர்க்கு இந்தப் படிநிலை எளிதில் விளங்கும். புதிய மருந்துகளை ஆராய விலங்கு அல்லாத முறைகளையும் பயன்படுத்தலாம் என்று நம் நாட்டில் 2023-இல் விதி திருத்தப்பட்டிருக்கிறது. மனித செல்களைக் கொண்ட சோதனைகளும் கணினி மாதிரிகளும் அவற்றுள் அடங்கும். கதவு திறந்திருக்கிறது, உள்ளே செல்ல ஆட்கள் வேண்டும்.

இப்போது நம்மைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். நாம் இரவில் உண்பதில்லை, நீரை வடிகட்டிப் பருகுகிறோம், கிழங்கை விலக்குகிறோம். ஆனால் நம் வீடுகளில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை விழுங்காத முதியோர் எத்தனை பேர்? நானும் விழுங்குகிறேன். அம்மாத்திரைகள் கடைக்கு வருமுன் விலங்குகளின்மேல் சோதிக்கப்பட்டவை. நான் கத்தியைத் தொடவில்லை என்று ஐம்பது ஆண்டுகளாகப் பெருமை கொண்டிருந்தேன். என் பொருட்டு வேறொருவர் தொட்டார் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. விலகியதால் என் கை தூய்மையாயிற்று. தவளைக்கு ஒரு பயனும் இல்லை. அந்தச் சாக்குப்பையில் ஒரு தவளைகூடக் குறையவில்லை. குறைத்தவர்கள் துறைக்குள் நின்றவர்கள்: சட்டம் கொணர்ந்த ருக்மிணி தேவி, மென்பொருள் செய்த மருந்தியலார், நம் ஊர் விலங்கியலார், நிரல் எழுதிய பெயர் தெரியாத இளைஞர்கள். அவர்களுள் பெரும்பாலோர் நம் சமயத்தைச் சேர்ந்தவர் அல்லர். நாம் முன்னின்று செய்திருக்க வேண்டிய அறத்தைப் பிறர் செய்தனர் என்பதில் எனக்கு மகிழ்ச்சியும் உண்டு, நாணமும் உண்டு.

எனவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். உயிரியல் படிக்க விரும்பும் பிள்ளையை, "நமக்கு அது ஆகாது" என்று திருப்பி அழைக்காதீர்கள். இன்று கல்லூரியில் தவளை திரையில் இருக்கிறது. மேல்நிலை ஆய்வில் விலங்கைத் தொடும் கட்டம் வரின், மாற்றுவழி கேட்க அப்பிள்ளைக்கு நாம் துணைநிற்க வேண்டும். கணினி படிக்கும் பிள்ளையிடம், மென்பொருள் நிறுவன வேலை ஒன்றே குறிக்கோள் அன்று, மருத்துவர்களோடு அமர்ந்து செய்யும் பணியும் உண்டு என்று சொல்லுங்கள். என் வீட்டுக்கு அருகே, திருவரங்கத்தில் வளர்ந்தவர் எழுத்தாளர் சுஜாதா. புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்று பொறியாளர் ஆனவர். 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்னும் இயந்திர நாயை நமக்குத் தந்த அதே கை, மூளை பற்றித் 'தலைமைச் செயலகம்' என்ற நூலையும் மரபணுக்கள் பற்றி 'ஜீனோம்' என்ற நூலையும் எழுதியது. இரு துறைகளும் ஒரு மனத்தில் குடியிருக்க இயலும் என்பதற்கும், தமிழில் அவற்றைப் பேச இயலும் என்பதற்கும் அவர் சான்று.

அறக்கட்டளைக்கும் ஒரு வேண்டுகோள். நாம் ஆண்டுதோறும் வழங்கும் கல்வி உதவித்தொகையில் ஒன்றை இணையாக வழங்குவோம். கணினி பயிலும் மாணவர் ஒருவர், உயிரறிவியல் அல்லது மருத்துவம் பயிலும் மாணவர் ஒருவர். இருவரும் சேர்ந்து, ஓர் உயிரையேனும் சோதனையிலிருந்து விடுவிக்கும் வழி ஒன்றை ஆராய வேண்டும். நம் சமூகத்தவராகவே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வேண்டாம். முதல் ஆண்டுத் தொகைக்கு என் ஓய்வூதியத்திலிருந்து ஒரு பங்கைத் தருகிறேன்.

மழைக்காலத்தில் திருவரங்கத்து வாய்க்கால்களில் இரவெல்லாம் தவளைகள் ஒலிக்கும். உறக்கம் கெடுகிறது என்று அண்டை வீட்டார் சலித்துக்கொள்வர். எனக்கு அவ்வொலி கேட்டால்தான் உறக்கம் வரும். அவற்றுள் எதுவும் நாளை சாக்குப்பையில் ஏறாது என்ற எண்ணத்தோடு இப்போது உறங்குகிறேன். அந்த உறக்கத்தை எனக்குத் தந்த, நான் பார்த்தறியாத கணினியாளருக்கும் உயிரியலாருக்கும் இப்புனித நாளில் நன்றி கூறி அமைகிறேன்.